ஒட்டுக்குக் கீழே

மாமரத்துப் பாலின் வாசனை முதலில் மூக்கைக் குத்தும். இனிப்பு பிறகுதான் வரும். போன வாரம் ஈப்போவில் பாசாருக்குப் பக்கத்துத் தெருவில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் இயந்திர வாளை வைத்து ஒரு கிழட்டு மாமரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மின்கம்பியில் உரசுகிறதாம். வாளின் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வாசனைதான் தலைக்கவசத்துக்குள் புகுந்துகொண்டது, மண்ணெண்ணெயும் பச்சை மாங்காயும் சேர்ந்தாற்போல. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திக் காலை ஊன்றினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டு ஏதோ திட்டிக்கொண்டு போனான். கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே உரசிக்கொண்டிருந்தன, பிசுபிசுப்பைத் தேய்த்து எடுப்பதுபோல. விரலில் ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையில் இருந்திருக்க வேண்டிய பிசுபிசுப்பு அது. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை.

என் மனைவி இப்போது ஜொகூரில் மகளோடு இருக்கிறாள். வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். என்னைப் பற்றிக் கேட்பதற்கு முன் எங்கள் வீட்டு மாமரத்தைப் பற்றிக் கேட்பாள்.

நான் ஓரிடத்தில் உட்காராதவன். இதை ஒரு குறையாக நான் எண்ணியதேயில்லை, காற்றை யாரும் குறை சொல்வதில்லையே என்கிற மாதிரி ஒரு திமிர். கல்யாணமான இருபத்துநான்கு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடுகள். சுங்கை சிப்புட்டில் இரண்டு. தைப்பிங்கில் ஒன்று, அங்கே மழை பிடிக்காமல் கிளம்பினோம். அவள் பிறந்த பத்து காஜாவில் இரண்டு. மீதி எல்லாம் ஈப்போவுக்குள்ளேயே, ஒரு தாமான் குடியிருப்பிலிருந்து இன்னொரு தாமானுக்கு. ஒவ்வொரு வீட்டையும் விடுவதற்கு ஒரு காரணம் வைத்திருப்பேன். ஜன்னல் மேற்கே பார்க்கிறது. பக்கத்து வீட்டு நாய் அழுகிறது. வேலை மாறிவிட்டது. ஒன்றும் அகப்படாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்த வீடு சரியா வரல" என்பேன். அவள் பழைய செய்தித்தாள்களை எடுத்து வந்து தட்டுகளைச் சுற்ற ஆரம்பிப்பாள்.

அவளுடைய செடிகள் எல்லாம் டின்னில் வளர்ந்தவை. பெயிண்டு டின், பிஸ்கட்டு டின், அடி ஓட்டையான வாளி. கறிவேப்பிலை ஒரு பெரிய வெள்ளைப் பெயிண்டு டின்னில் இருந்தது. ஒன்பது வீட்டுக்கும் அது வந்தது. லோரியில் சாமான்களோடு ஏற்றவிடமாட்டாள். முன் இருக்கையில் டிரைவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வாள். வளைவுகளில் இலைகள் என் காதை உரசும். ஒருமுறை கேட்டேன், ஏன் எல்லாம் டின்னிலேயே வைக்கிறாய், மண்ணில் வைத்தால் நன்றாக வருமே என்று.

"வாடகை வீட்டு மண்ணுல நான் ஒண்ணும் வைக்கமாட்டேன். வச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போனா, அப்புறம் எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

பத்தாவது வீடுதான் எங்கள் சொந்த வீடு. மூலை வீடு, அதனால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம். அந்தப் பகுதி முழுக்க முன்பு ஈயலம்பம், ஈயம் தோண்டிய நிலம். தோண்டிக் கழுவித் துப்பிய வெள்ளை மணலை நிரவித்தான் வீடுகள் கட்டியிருந்தார்கள். லாலானைத் தவிர வேறு புல் முளைக்காது. வெயிலில் அந்த மணலைப் பார்த்தால் கண் கூசும். அதற்கு அப்பால் சுண்ணாம்புக் குன்று, பாதி வெள்ளையும் பாதி பச்சையுமாக, யாரோ கடித்து வைத்த மாதிரி.

சாவி வாங்கிய அன்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மணலில் நின்றாள். "இங்க ஒரு தோட்டம் போடணுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டம் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான். ரப்பர் எடுக்கிற கித்தாத் தோட்டம், பால்மரம், லயத்து வரிசை வீடு, விடியும் முன்பே ஆள் எண்ணும் பெரட்டு. எங்கள் ஆட்கள் எல்லோருக்குமே அப்படித்தான். "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் ஊரைச் சொல்வோம், பூவைச் சொல்லமாட்டோம். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்குத் தோட்டம் என்றால் செம்பருத்தியும் பழமரமும்.

"தோட்டத்த விட்டு ஓடி வந்தவன்கிட்டயே தோட்டம் போடச் சொல்றியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்புன் பக்கம் சாலையோர நாற்றுக் கடையில் மூன்று கன்றுகள் வாங்கினாள். ஒரு மா, ஒரு ரம்புத்தான், ஒரு பம்பளிமாஸ். கடைக்காரர் நம்மவர், வாயில் வெற்றிலை. மாங்கன்றைக் கையில் தூக்கிக் காட்டினார். தண்டின் நடுவே பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது.

"ஒட்டுக்கண்ணு அக்கா. மூணே வருஷம், காய்ச்சிடும். வெதக்கண்ணுன்னா ஏழு எட்டு வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும். அதுக்குள்ள உங்களுக்குப் பேரன் பொறந்து ஸ்கூலுக்குப் போயிடுவான்."

"மூணு வருஷம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல் அவரிடமே, "ஒரே வீட்டுல நாங்க மூணு வருஷம் இருந்ததில்லண்ணே."

"இருங்க லா. கண்ணுக்காச்சும் இருங்க" என்றார் அவர்.

வாங்கி வந்த கன்றுகளை வேலியோரம் வைத்தோம். நான் நடவில்லை. இந்த வாரம் மழை, அடுத்த வாரம் வெயில், அதற்கடுத்த வாரம் மணலில் போட்டால் வராது, மண் வேண்டும். மண்ணுக்குச் சொல்லலாம் என்பேன், சொல்லமாட்டேன். உண்மையில் வீட்டு விளம்பரங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தெலுக் இந்தானில் ஆற்றோரமாக ஒரு வீடு இருந்தது. அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஏழு மாதம் அந்தக் கன்றுகள் கறுப்புப் பையிலேயே நின்றன. பம்பளிமாஸின் வேர் பையின் அடியைக் கிழித்துக்கொண்டு மணலுக்குள் இறங்கியிருந்தது.

அந்த ஏழாவது மாதத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. என் மனைவி போய் இருபது நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்த மறுநாள் அடுப்படியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் பருப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நான் அங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

"எத்தனை மாசம்?"

"மாசம்னு இல்ல." தண்ணீரை வடித்தாள். "அங்கயே."

வெங்காயத்தில் ஒரு தோல் உரிந்தது, அதற்கடுத்த தோல் உரிந்தது.

"சரி" என்றேன்.

"கோவம்லாம் ஒண்ணுமில்லங்க. அங்க ஒரு ரூம் இருக்கு. ஜன்னல் இருக்கு. அந்த வீட்ட அவங்க விக்கமாட்டாங்க. ஒரு எடத்துல இருக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்."

"சரி."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கலாம். போகாதே என்று சொல்லலாம். இரண்டே சொல், அவற்றில் ஒன்று அவள் பெயர். எனக்கு வெங்காயத்தின் எரிச்சல்கூடக் கண்ணில் ஏறவில்லை.

பள்ளி முடித்த கையோடு சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் நாற்றுமேட்டில் மூன்று வருஷம் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தேன். பால்மரக் கன்றில் தரையோடு தரையாகக் கத்தியால் பட்டையைக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டை வைத்து, நாடாவால் சுற்ற வேண்டும். கீறிய இடத்திலெல்லாம் பால் வடியும். விரலில் படியும், காயும், அதன் மேல் மறுபடி படியும். மத்தியானத்துக்குள் பத்து விரல்நுனியிலும் தோலுக்கு மேல் இன்னொரு தோல் வந்துவிடும். சுடுகிற தேநீர்க் குவளையைச் சாதாரணமாகத் தூக்குவோம். சூடு தெரியும், யாருக்கோ சுடுவதுபோலத் தெரியும். அடுப்படியில் நின்றபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. விரலில் மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்துக்கு அவளுக்கு இருக்கை பதிவு செய்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல் மிஷினின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டே, "நாளைக்கு அந்த மூணையும் மண்ணுல வச்சிடணும்" என்றாள். "தம்பிகிட்ட மண்ணுக்குச் சொல்லிட்டேன்."

அவளுடைய தம்பி பத்து காஜாவில் லோரி ஓட்டுகிறவன். என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். எங்களுடைய ஒன்பது வீட்டுச் சாமான்களில் ஆறு வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியவன் அவன்தான். சனிக்கிழமை காலை செம்மண்ணையும் சாணி எருவையும் கொண்டுவந்து கொட்டினான். இறங்கி வந்து பார்த்தால் நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, நூல் பிடித்து, இடைவெளி அளந்து, தோட்டத்தில் வரிசை போடுவதுபோல. எனக்கு வேறு மாதிரி நடத் தெரியாது.

"கயிறு எதுக்கு மச்சான்? மூணு கண்ணுக்கு நெறை புடிக்கிறீங்களா?" அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "தோட்டத்தான் தோட்டத்தான்தான் லா. நாளைக்கு பெரட்டு எத்தன மணிக்கு? நான் வரணுமா?"

"நீ வராட்டி ஆப்சென்ட் போட்டுடுவேன்."

"போடுங்க, போடுங்க. அக்கா, நீ என்னா, களை எடுக்குற கும்பலா?"

"அவரு அளக்கட்டும் விடுடா" என்றாள் அவள். "அளந்தாதான் அவருக்குக் கை ஓடும்."

அவனுக்கு இன்னொரு நடை மண் கொண்டுபோக வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பாடு வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டான். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான்.

குழி தோண்டினேன். லம்பத்து மணல் நிற்காது. ஒரு கொத்து எடுத்தால் பக்கத்திலிருந்து இரண்டு கொத்து சரியும். ஒன்றரை அடிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் குழைந்த களி, கையில் எடுத்தால் குளிர்ந்தது. அவள் கத்தரிக்கோலால் ரம்புத்தான் பையைக் கிழித்தாள். வேர் முழுதும் பையின் உருவத்திலேயே வளர்ந்திருந்தது, வட்ட வட்டமாக, கயிற்றுப் பந்துபோல.

"பாருங்க. போக எடமில்லாம அதுக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடியிருக்கு."

பார்த்தேன்.

"இத வெட்டணுமா?"

"அடியில சுத்தினத மட்டும் வெட்டு. மேல்வேர் வேணும்."

வெட்டினாள். கன்றைக் குழியில் இறக்கினோம். அவள் தண்டை நேராகப் பிடித்துக்கொள்ள, நான் செம்மண்ணையும் எருவையும் கலந்து தள்ளினேன். அவளுடைய கைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு விரற்கடை தண்டு. இருபத்துநான்கு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து மண்ணில் வைத்த முதல் செடி அதுதான். அப்போது அது தோன்றவில்லை, இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

இரண்டாவது குழியில் பம்பளிமாஸ். முள் அவள் புறங்கையைக் கீறிவிட்டது. ரத்தத்தை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

"குழி இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்."

"அதில்ல."

"வேற என்னா?"

அவள் கையை உதறிக்கொண்டாள். சுண்ணாம்புக் குன்றின் பக்கமிருந்து கல்லுடைக்கும் வெடிச் சத்தம் ஒன்று வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கார் ஒன்று பயந்து கத்த ஆரம்பித்துத் தானாகவே ஓய்ந்தது.

"நான் ஏன் போறதுக்கு முன்னாடி இத நடச் சொன்னேன் தெரியுமா?" என்றாள். "பையிலயே விட்டுட்டுப் போனா, அடுத்த மாசமே நீங்க வீட்ட மாத்திடுவீங்க. இதையும் லோரியில ஏத்திடுவீங்க. தெலுக் இந்தானோ எங்கயோ. மண்ணுல எறக்கிட்டா தூக்க முடியாதுல்ல."

ஆற்றோர வீடு அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னைக் கட்டிப்போடுறியா?"

"மரம்தான் நடுறேன்."

அப்போதாவது கேட்டிருக்கலாம். கட்டிப்போடுகிறவள் ஏன் போகிறாய் என்று. மண்வெட்டியின் காம்பில் ஒரு சிராய் நிமிர்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது குழி மாவுக்கு. நட்டு, மண்ணை மிதித்து, தண்ணீர் ஊற்றும்போது உள்ளே கைப்பேசி அடித்தது. மகள். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தையின் அழுகை ஒலிபெருக்கியில் கேட்டது, இவள் அதைக் கொஞ்சுவது கேட்டது. நான் மாங்கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தப் பிளாஸ்டிக் நாடா. ஏழு மாதத்தில் வெளுத்து, தண்டை இறுக்கியிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே புதிதாக ஒரு துளிர் வெடித்து வந்திருந்தது, செம்பு நிறத்தில், நான்கைந்து இலையோடு, இளசாக. நாடாவுக்கு மேலே பழைய தண்டு நிமிர்ந்து நின்றது. தடித்த இலைகள், கரும்பச்சை, ஆள் இடுப்பு உயரம்.

நாற்றுமேட்டில் மூன்று வருஷம் தினம் பார்த்த காட்சி. அங்கே மொட்டு உயிர் பிடித்துக் கீழே துளிர் விட்டதும், அதற்கு மேலே இருக்கும் தண்டைச் சாய்வாக வெட்டி எறிந்துவிட வேண்டும். மேலே எவ்வளவு செழிப்பாக நின்றாலும் அது விதையிலிருந்து வந்த காட்டுத்தலை. பால் தராது. கீழே கட்டிய மொட்டுதான் மரமாகும். வெட்டத் தயங்கும் ஆளைப் பார்த்தால் வேலை வாங்கும் தண்டல் வரப்பிலிருந்து கத்துவார், "கழுத்த வெட்டுறா! பாத்துக்கிட்டு நின்னா பால் வருமா?" ஒரு நாளைக்கு முந்நூறு கழுத்து வெட்டியிருக்கிறேன்.

யோசித்தேன் என்று சொல்லமுடியாது. இடுப்பில் சின்னக் கத்தி இருந்தது. கை போயிற்று. துளிருக்கு மேலே நான்கு விரல் விட்டு, சாய்வாக, ஒரே வெட்டு. மேல்தலை நாடாவோடு சேர்ந்து புல்லில் விழுந்தது. வெட்டுவாயில் பால் முத்து முத்தாக அரும்பியது. அந்த வாசனை அப்போது எழுந்திருக்க வேண்டும். நான் கத்தியைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன். அன்றைக்குச் செய்ததில் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலையாக இருந்தது.

அவள் திரும்பி வந்து நின்றாள்.

"என்னாங்க இது?"

"இப்படித்தான். ஒட்டு புடிச்சிடுச்சி. இனிமே இந்தத் துளிர்தான் மேல வரும். அது வேஸ்ட்."

"அவ்வளவு பெருசா இருந்திச்சே."

"பெருசா இருக்கறது காட்டுத்தல. அத விட்டா இது வளராது."

அவள் கீழே கிடந்த தலையைப் பார்த்தாள், பிறகு துளிரை. "ஒட்டு வெசயம் உங்களுக்குத் தெரியாததா" என்றாள். நம்பிவிட்டாள். என் வேலையை நம்பினாள். வேறு எதற்கும் அப்படி ஒரு முகம் அவள் எனக்குக் காட்டி வெகு நாளாகியிருந்தது.

தம்பி மூன்று நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்தான். வேலியைத் தாண்டும்போதே குரல்.

"நெறையில மூணு மரம்! தொரை வந்து பாத்தா மெடல் குடுப்பாரு மச்சா..." பாதியில் நிறுத்தினான். பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு வந்து மாங்கன்றின் முன்னால் குனிந்தான். "இத யாரு வெட்டுனா?"

"நான்தான்."

"ஒட்டுத் தலையவா?"

"ஒட்டு கீழ இருக்கு. துளிர் விட்டிருக்கு பாரு."

அவன் புல்லில் கிடந்த தலையை எடுத்துப் பிளாஸ்டிக் நாடாவைக் காட்டினான். "மச்சான், மா ஒட்டுல நல்லது மேல லா. நாடாவுக்கு மேல இருக்கறதுதான் சாதிமரம். கீழ வர்றது வெதக்கண்ணோட துளிர். கிள்ளி எறியணும். என் வீட்டுல நாலு மரம் இருக்கு, மாசாமாசம் கிள்ளுறேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வாய் கோணியது. "பால்மரம்னு நெனச்சிட்டீங்களா?"

சிரித்தான். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ மச்சான்... நல்ல கழுத்த வெட்டிட்டு... நாளைக்கு மங்கு மாட்டிடுவீங்க போல, பால் புடிக்க..." நானும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் என் தாடை வலித்தது. பிறகு அவன் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. "சாப்புடுவோமா? சோறு ஆறிடும்" என்றான்.

அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அவன் கையிலிருந்து வெட்டிய தலையை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கே வேற கண்ணு வாங்கியாந்து வச்சிடுறேன்" என்றேன். "அதே கடையில. இத விடப் பெருசா."

"வேணாம்."

"ஒரு நிமிஷ வேல. இத புடுங்கிட்டு..."

"உங்களுக்கு எப்பவும் வேற ஒண்ணு" என்றாள். அவள் குரல் உயரவேயில்லை. மளிகைக்கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள். "இதுவும் மாங்காதானே. இருக்கட்டும்."

அந்தத் தலையை ஒரு ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் இலைகள் தொங்கிவிட்டன. அவள் அதன் பக்கத்தில் நின்று பாத்திரங்களைத் துடைத்து, எடுத்துப் போகவேண்டியது, இங்கே இருக்கவேண்டியது என்று இரண்டாகப் பிரித்தாள். இங்கே இருக்கவேண்டியதில் ஒரு தட்டு, ஒரு குவளை, ஒரு சட்டி. கூடத்திலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லமுடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பிதான் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோனான். இரண்டு பெரிய பைகள், தையல் மிஷின், மடியில் கறிவேப்பிலை டின். வழியெல்லாம் இலைகள் என் காதை உரசின. தம்பி எதையாவது பேசிக்கொண்டே வந்தான், மணல் விலை, டயர், அவன் மகனுடைய பரீட்சை. அவனுடைய கண் மட்டும் கண்ணாடி வழியாக அடிக்கடி என்னைப் பார்த்தது. சொல்லுங்கள் மச்சான் என்பதுபோல. நான் வெளியே பார்த்தேன். மேடான் பக்கம் நாங்கள் இருந்த பழைய வீடு ஒன்று கடந்து போயிற்று. அதை விட்டதற்கு என்ன காரணம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

பேருந்து டிரைவரும் நம் ஆள்தான். பைகளை அடியில் தள்ளிவிட்டு டின்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"அக்கா, இது யாரு? டிக்கெட் எடுத்திருக்கா?"

"மடியில வச்சிக்கிறேன் தம்பி."

"கீழ போடுங்க லா. ஜொகூர் வரைக்குமா மடியில வச்சிக்குவீங்க?"

"கீழ போட்டா செத்துடும். இது இதுவரைக்கும் கீழ போனதில்ல."

"சரி சரி, ஏறுங்க. ஆனா மண்ணு கொட்டுச்சின்னா நீங்கதான் கூட்டணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணன் வரலியா?"

தம்பி அக்காவின் தோளைத் தொட்டுவிட்டு, லோரியை நிறுத்திய இடத்துக்குப் போவதாகச் சொல்லி நகர்ந்தான். அங்கே ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் படியில் ஏறினாள். இரண்டாவது படியில் திரும்பினாள். இப்போது என்னைவிட உயரமாக நின்றாள். டின்னை ஒரு கையால் அணைத்திருந்தாள். பம்பளிமாஸ் முள் கீறிய இடம் கறுத்துக் கோடாக இருந்தது. பேருந்தின் இன்ஜின் ஓட ஆரம்பித்தது. என் உள்ளங்கால் வழியாக அந்த அதிர்வு ஏறி முழங்காலோடு நின்றுவிட்டது.

"அந்தக் கட்டையப் புடுங்கிடாதீங்க" என்றாள். "வேற வாங்கி வைக்காதீங்க. அதுலயே என்னதான் வருதுன்னு பாப்போம்."

சரி என்று வாய் தயாராகிவிட்டது. அந்தச் சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆனால் பாப்போம் என்ற சொல் அதற்குக் குறுக்கே கிடந்தது. பாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒருமுறை தட்டினார்.

"பாப்போம்னா..." என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "யாரு யாரு?"

அவள் டின்னை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். கதவு மூட ஆரம்பித்திருந்தது.

"மொதல்ல தண்ணி ஊத்துங்க" என்றாள்.